தாத்தா தறி நெய்வதை வீடியோ எடுக்க வேண்டும்: எங்கிருந்து தொடங்குவது?

தறிவீட்டுப் பேத்தி:

எல்லோருக்கும் வணக்கம். வீடியோ எடுப்பதில் எனக்கு எந்தப் பயிற்சியும் இல்லை. கையில் இருப்பது நடுத்தர விலை ஆண்ட்ராய்டு போன் ஒன்றுதான்.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அம்மாவைப் பெற்ற தாத்தாவுக்கு 78 வயது. இன்னமும் குழித்தறியில் (மிதிகள் தரைக்குக் கீழே குழிக்குள் இருக்கும் தறி) உட்கார்ந்து கோர்வைப் புடவை நெய்கிறார், அதாவது உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோக்கும் புடவை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவை (குறுக்கு இழையை ஏந்தி ஓடும் கட்டை) தள்ளிக் கொடுப்பார், மற்ற நேரத்தில் ராட்டையில் தார், அதாவது நாடாவுக்குள் வைக்கும் நூல், சுற்றுவார். இப்போது ஓடும் பாவு (தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள்) முடிந்ததும் தறியைப் பிரித்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு. அதற்குள் இந்த வேலையை முழுசாகப் படம்பிடித்து வைக்க வேண்டும். யூடியூபுக்காக இல்லை. மாமா பிள்ளைகளும் நாளைக்கு அவர்களுடைய பிள்ளைகளும் பார்க்க வேண்டும், அதற்காக.

எனக்குச் சென்னையில் வேலை, சனி ஞாயிறுதான் ஊரில் இருப்பேன். போன வாரம் கொஞ்சம் எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் தாத்தாவுக்குப் பின்னால் இருப்பதால் அவர் முகம் கறுத்துப்போய், ஜன்னல் மட்டும் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. டியூப் லைட்டைப் போட்டால் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. தறிச் சத்தத்தில் தாத்தா பேசுவது காதில் விழவில்லை. இதெல்லாம் போக இன்னொன்று: எல்லாமே தெரிகிறது, ஆனால் என்ன வேலை நடக்கிறது என்று மட்டும் புரியவில்லை. என் அலுவலகத் தோழியிடம் காட்டினேன், அவளுக்கும் புரியவில்லை.

கேமரா வாங்க வேண்டுமா? ஏதாவது கோர்ஸில் சேர வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முகூர்த்தக் கேமரா:

வணக்கம்மா. நான் கும்பகோணம் பக்கம் கல்யாண வீடியோ எடுப்பவன். விஎச்எஸ் கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு, பின்னால் ஒரு பையன் ஹாலஜன் லைட்டைத் தூக்கிக்கொண்டு வந்த காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்தேன். கேமரா எத்தனையோ மாறிவிட்டது. எங்கே நிற்பது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்ற இரண்டும் மாறவில்லை. கேமரா வாங்காதீர்கள். கோர்ஸும் இப்போதைக்கு வேண்டாம். பாவு முடிவதற்குள் என்று கெடு இருக்கிறதே, அதனால் உடனே பயன்படுவதைச் சொல்கிறேன்.

நீங்கள் கடைசியாகச் சொன்னீர்களே, புரியவில்லை என்று, அதுதான் பெரிய விஷயம். மற்றதெல்லாம் அரை மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியவை.

தாலி கட்டும்போது இன்னொரு தடவை கட்டுங்கள் என்று கேட்க முடியாது. அதனால் மண்டபத்துக்குள் நுழைந்ததும் நாங்கள் முதலில் ஐயரிடம் போவோம். மாப்பிள்ளை எந்தப் பக்கம் உட்காருகிறார், நாத்தனார் எங்கே நிற்பார், கெட்டிமேளம் யார் கை காட்டியதும் தொடங்கும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நிற்கும் இடத்தை முடிவு செய்வோம். தறிக்கும் அதையே செய்யுங்கள். வருகிற சனிக்கிழமை போனைப் பைக்குள் வைத்துவிட்டு தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பாருங்கள். கால் மிதியை அழுத்துகிறது, இழைகளைத் தூக்கும் நூல் கண்ணிகளான விழுது ஏறி இறங்குகிறது, பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கிறது, நாடா அதற்குள் ஓடுகிறது, சீப்பு மாதிரி இருக்கும் அச்சு வந்து ஊடையை, அதாவது குறுக்கு இழையை, அடித்து நெருக்குகிறது. எதற்குப் பிறகு எது என்று உங்களுக்கு மனப்பாடம் ஆக வேண்டும். நாடா எந்தக் கையிலிருந்து கிளம்பும் என்று தெரிந்தவர் போனை அங்கே முன்கூட்டியே வைத்துக் காத்திருப்பார். தெரியாதவர் அதைத் துரத்திக்கொண்டே இருப்பார். துரத்தி எடுத்த படம் யாருக்கும் புரியாது.

எடுக்கும்போது ஒரு காட்சி ஓடுகையில் போனை அசைக்கவே கூடாது. 1895-இல் லூமியேர் சகோதரர்கள் பாரிஸில் போட்டுக் காட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஐம்பது வினாடி அளவுதான். கேமரா ஓரிடத்தில் நிற்கும், ஆட்கள் நகர்வார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் எல்லாம் தெளிவாகப் புரிகிறது. நீங்களும் ஒவ்வொரு காட்சியையும் குறைந்தது பத்து வினாடி, வேலை ஒரு சுற்று முடியும் வரை அப்படியே ஓட விடுங்கள். பக்கவாட்டில் திருப்புவதும், எடுத்துக்கொண்டிருக்கும்போதே ஜூம் போவதும் வேண்டாம். கிட்டத்தில் தெரிய வேண்டும் என்றால் நிறுத்திவிட்டு, எழுந்து கிட்டே போய், மறுபடி எடுங்கள். போனில் விரலால் விரித்து ஜூம் செய்தால் பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான் நடக்கிறது, தெளிவு போய்விடும். 1எக்ஸ் என்று இருக்கும் முதன்மை லென்ஸையே பயன்படுத்துங்கள். வீட்டுக்குள் இருக்கும் குறைந்த வெளிச்சத்துக்கு அதுதான் தாங்கும். அகலமாகக் காட்டும் 0.5 லென்ஸ் மங்கலாக, புள்ளி புள்ளியாக எடுக்கும்.

போனைப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். தறியே அகலமான பொருள்.

இப்போது எதை எடுப்பது. முதலில் தறி, தாத்தா, பாட்டி, அறை எல்லாம் சேர்ந்து தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று. பார்ப்பவருக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்று அதில்தான் பிடிபடும். பிறகு தாத்தா இடுப்புக்கு மேலே. பிறகு கைகள் மட்டும். பிறகு முகம் மட்டும், கை தெரியவே வேண்டாம், வேலையைப் பார்க்கும் கண் மட்டும். பிறகு அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, அவர் கண்ணுக்குத் தறி எப்படித் தெரியுமோ அப்படி. கல்யாணத்தில் இந்த ஐந்தையும் எடுப்பதற்கு எங்களுக்கு அவகாசம் கிடைக்காது. தறியில் ஒரே வேலை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப நடக்கிறது. முதல் சுற்றில் கை, அடுத்த சுற்றில் முகம் என்று பொறுமையாக எடுத்துக்கொண்டே போகலாம். பின்னால் ஒட்டும்போது ஒரே சமயத்தில் நாலைந்து கேமரா வைத்து எடுத்ததுபோல இருக்கும்.

கால்களை மறக்காதீர்கள். குழிக்குள் மிதியை மாற்றி மாற்றி அழுத்தும் அந்தக் கால்கள்தான் தறியை ஓட்டுகின்றன, ஆனால் யாரும் அதை எடுப்பதில்லை. குழி இருட்டாக இருக்கும். இன்னொரு போனின் டார்ச்சைக் குழிக்குள் நேராக அடிக்காமல், ஒரு வெள்ளைத் துண்டின் மேல் அடித்து, அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் காலில் விழும்படி வையுங்கள்.

குழித்தறியில் இருப்பவரின் கண் நின்றுகொண்டிருக்கும் நம் கண்ணைவிட வெகு கீழே இருக்கும். நாம் நின்றுகொண்டு எடுத்தால் அவருடைய தலை உச்சிதான் படம் முழுக்க வரும், முகம் வராது. அவர் கண் உயரத்துக்குப் போன் இறங்க வேண்டும். மணைப்பலகை மேல் அரிசி போட்ட ஒரு துணிப்பையை வைத்து, அதில் போனைப் பள்ளம் செய்து ஊன்றினால் கல் மாதிரி நிற்கும். தறி அடிக்கும் அதிர்ச்சியையும் பை வாங்கிக்கொள்ளும். போனைத் தறி மரத்திலேயே சாய்த்து வைக்காதீர்கள், ஒவ்வொரு அடிக்கும் படம் குதிக்கும்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். தறியை நகர்த்த முடியாது, நீங்கள் நகரலாம். ஜன்னல் உங்களுக்கு இடது பக்கமோ வலது பக்கமோ வரும் இடத்துக்குப் போய்விடுங்கள். அவர் முகத்தில் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நிழலுமாக விழும். நிழல் ரொம்பக் கருப்பாக இருந்தால் அந்தப் பக்கம் கொடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் போடுங்கள், ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு முகத்துக்குத் திரும்பும். நாங்கள் தெர்மோகோல் அட்டை வைத்துச் செய்வது இதைத்தான். இருக்கிற வெளிச்சத்தை வைத்தே எடுப்பதற்குப் பேர்போனவர் பாலு மகேந்திரா. அவர் ஒளிப்பதிவு செய்த படம் எதிலாவது வீட்டுக்குள் நடக்கும் காட்சியை, சத்தத்தை அணைத்துவிட்டு, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பாருங்கள். கோர்ஸில் இதற்குத்தான் முதல் மாதம் போகும்.

கூரையில் கண்ணாடி ஓடு இருக்கிறதா? இருந்தால் அந்த வெயில் கட்டம் எந்த நேரத்தில் தறிக்கு வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஜரிகை மேல் அது சாய்வாக விழும் நேரம் கொஞ்சம்தான் கிடைக்கும். அதற்கு முன்னாலேயே போன் தயாராக இருக்க வேண்டும்.

திரையில் தாத்தாவின் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பூட்டுப் படம் வரும். ஃபோகஸும் வெளிச்ச அளவும் அதோடு நின்றுவிடும். அதன் பக்கத்தில் சூரியன் மாதிரி ஒரு அடையாளம் வரும், அதைக் கொஞ்சம் கீழே இழுங்கள். போன்கள் எல்லாவற்றையும் பளிச்சென்று காட்டப் பார்க்கும், அதில் ஜரிகை வெறும் வெள்ளைக் கோடாகிவிடும். ஜரிகையில் தங்க நிறம் தெரியும் அளவுக்கு இருட்டாக்கிக்கொள்ளுங்கள். இருட்டாக எடுத்ததைப் பிறகு ஓரளவு மேலே கொண்டுவரலாம். வெள்ளையாகிப் போனதில் எதுவும் மிச்சம் இருக்காது.

டியூப் லைட் பட்டைகள்: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறைகிறது. கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சம் வாங்கும் நேரம், நொடியில் 1/50 அல்லது 1/100 என்று இருந்தால் பட்டை போய்விடும். பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவச ஆப்பில் இதைக் கையால் வைக்கலாம். ஐபோனுக்கு 2023-லும் ஆண்ட்ராய்டுக்கு 2024-லும் வந்தது, ஆனால் எல்லா ஆண்ட்ராய்டு போனிலும் ஓடாது. உங்கள் போனில் ஓடவில்லை என்றால் கேமரா செட்டிங்ஸில் ஃபிளிக்கர் அல்லது 50 ஹெர்ட்ஸ் என்று ஏதாவது இருக்கிறதா தேடுங்கள். அதுவும் இல்லையென்றால் பகலில் எடுங்கள், விளக்கை அணைத்துவிடுங்கள். எனக்குப் பிடித்த வழியும் அதுதான். டியூப் லைட் நீலமாகவும் வெயில் மஞ்சளாகவும் கலந்தால் அரக்குப் பட்டு என்ன நிறம் என்றே தெரியாமல் போய்விடும். பட்டுப் புடவையில் நிறம் தப்பாகக் காட்டினால் தாத்தாவே ஒத்துக்கொள்ள மாட்டார்.

கடைசியாக ஒன்று. தாத்தாவையும் பாட்டியையும் சேர்த்து ஒரு கோடு போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். தோளுக்குப் பின்னாலிருந்து எடுப்பதைத் தவிர, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே எல்லாவற்றையும் எடுங்கள். அந்தப் பக்கம் போய் எடுத்தால் இடமிருந்து வலம் ஓடிய நாடா அடுத்த காட்சியில் வலமிருந்து இடம் ஓடும், தாத்தாவும் பாட்டியும் இடம் மாறி உட்கார்ந்ததுபோல் ஆகும். புரியாமல் போனதில் இதற்கும் பங்கு இருக்கலாம்.

மைக்செட்:

அண்ணன் படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் சத்தத்தைப் பற்றி மட்டும். தறிச் சத்தத்தையும் தாத்தா பேச்சையும் ஒன்றாக எடுக்கப் பார்க்காதீர்கள், எவ்வளவு விலை மைக் வாங்கினாலும் தறிதான் ஜெயிக்கும். தறி ஓடும்போது தறிச் சத்தம் மட்டும். தாத்தாவைப் பேச வைப்பது தறியை நிறுத்திய பிறகு, அவர் இருக்கும் இடத்திலேயே, கை தறி மேல் இருக்கட்டும்.

பேச்சுக்கு மைக் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். காலரில் மாட்டும் வயர் மைக் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அவர் சட்டை போடாமல் நெய்பவர் என்றால் மேல்துண்டின் ஓரத்தில் குத்திவிடுங்கள். மைக் இல்லையென்றால் வீட்டில் இன்னொருவர் போனை வாங்கி, குரல் பதியும் ஆப்பைப் போட்டு, படத்தில் தெரியாதபடி அவருக்கு முன்னால் வையுங்கள். இரண்டும் ஓட ஆரம்பித்ததும் ஒரு தடவை கை தட்டுங்கள். பிறகு கணினியில் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்திவிடலாம்.

மின்விசிறியை அணைத்துவிடுங்கள். அறை எதிரொலித்தால் படத்தில் வராத பக்கம் போர்வை, பாய் எதையாவது தொங்கவிடுங்கள். அவர் பேசும்போது "ம்", "சரி தாத்தா" என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள், உங்கள் "ம்" அவர் சொல் மேலேயே ஏறி உட்காரும். யாரும் பேசாமல், தறியும் ஓடாமல், அந்த அறை அப்படியே இருக்கும் ஒரு நிமிடத்தையும் பதிந்துகொள்ளுங்கள். பேச்சை வெட்டி ஒட்டும் இடங்களில் அடியில் போட அது தேவைப்படும்.

தறிச் சத்தத்தை மூன்று இடத்தில் தனியாக எடுத்து வையுங்கள்: குழிக்குள் மிதி, மேலே ஜக்கார்டு பெட்டி (பூ வேலைக்கு இழைகளைத் தூக்கும் பெட்டி), முன்னால் அச்சு அடிப்பது. மூன்றும் வேறு வேறு சத்தம்.

ஸ்மூத் ஷாட்:

கிம்பல் (போன் ஆடாமல் பிடிக்கும் கைப்பிடி) ஒன்று வாங்கிவிடுங்கள், பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தறியைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தால் சினிமா மாதிரி இருக்கும். 4கே தெளிவில், நொடிக்கு 60 ஃபிரேமில் (படத்தில்) எடுங்கள், பின்னால் ஸ்லோமோஷனுக்கும் ஆகும்.

முகூர்த்தக் கேமரா:

தம்பி, கிம்பல் நல்ல பொருள்தான். நடந்துகொண்டே எடுப்பதற்கு, ஊர்வலத்துக்கு, அதற்கு ஈடு இல்லை. இவங்களுக்கு நடக்கவே இடம் கிடையாது. தறி வீட்டில் தறியைச் சுற்றி ஆள் ஒடுங்கிப் போவதே கஷ்டம், சுற்றி வந்தால் நான் சொன்ன கோட்டையும் தாண்டியாக வேண்டும். அந்தப் பணத்தில் ஒரு சின்ன டிரைபாடும் மைக்செட் சொன்ன மைக்கும் வாங்கலாம், மிச்சமும் இருக்கும்.

60 ஃபிரேமில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கிடைக்கும் வெளிச்ச நேரம் 30-இல் கிடைப்பதில் பாதிதான். வெட்டவெளியில் பரவாயில்லை, வீட்டுக்குள் படம் புள்ளி புள்ளியாக வரும். 4கே எடுக்கலாம், பின்னால் கொஞ்சம் வெட்டிப் பெரிதாக்க வசதி. ஆனால் இடம் பிடிக்கும். ஐபோனில் 30 ஃபிரேமில் ஒரு நிமிடத்துக்கு, 4கே-யைவிடக் குறைந்த தெளிவான 1080பி என்றால் சுமார் 60 எம்பி, 4கே என்றால் 170 எம்பி. மற்ற போன்களில் அளவு மாறும், விகிதம் ஏறக்குறைய இப்படித்தான். அம்மா, உங்கள் போனில் காலி இடம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நன்றாக எடுத்த 1080பி போதும்.

ஆரணித் தறி:

நானும் தறி வீட்டுப் பிள்ளைதான், ஆரணி. கேமரா பற்றி எனக்குத் தெரியாது, எதை விட்டுவிடக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

வீடியோ எடுப்பவர்கள் எல்லோரும் நெய்வதை மட்டும் எடுப்பார்கள். தறியில் உட்காருவதற்கு முன்னால் உள்ள வேலைதான் பாதி. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் முடிப்பார்களே, அது பிள்ளையார்பாளையம் பக்கம் இன்னும் எங்காவது நடந்தால் விடாதீர்கள். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவை ஒவ்வொரு இழையாக விரலால் முறுக்கிப் பிணைப்பது, ஆயிரக்கணக்கான இழை. உங்கள் வீட்டில் இதுதான் கடைசிப் பாவு என்றால் அந்த வேலை இனி அங்கே நடக்காது. தெருவில் வேறு யார் வீட்டில் பாவு பிணைக்கிறார்கள் என்று தாத்தாவிடம் கேளுங்கள், அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். முடிந்தால் அவரையும் கூட்டிப் போய், அங்கே உட்கார்ந்து விளக்கச் சொல்லுங்கள்.

இழை அறுந்தால் அவர் என்ன செய்கிறார் என்பதை எடுங்கள். வேலை தெரிந்தவரின் கை அங்கேதான் தெரியும். அறுந்த இடத்தைக் கண் கண்டுபிடிப்பதும், முடிச்சுப் போட்டு விழுதிலும் அச்சிலும் மறுபடி கோத்து எடுப்பதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். எப்போது அறும் என்று சொல்ல முடியாது, அதனால் போனைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

ஒருநாள் வேலையில்லாத நேரத்தில் தாத்தா தறியின் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டி அதன் பெயரைச் சொல்லட்டும். படமரம் (நெய்த துணியைச் சுற்றும் மரம்), அச்சு, விழுது, மிதி, நாடா, தார் எல்லாவற்றையும். எங்கள் வீட்டில் சொல்லும் பெயரும் உங்கள் தெருவில் சொல்லும் பெயரும் சிலது வேறாக இருக்கும். தறியைப் பிரித்து மரத்தைத் தனித்தனியாக அடுக்கிவிட்டால் எது எங்கே இருந்தது என்று காட்ட ஒன்றும் இருக்காது.

தறிவீட்டுப் பேத்தி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை போனை எடுக்காமல் உட்கார்ந்து பார்த்தேன். தாத்தாவே "என்னம்மா, இன்னைக்கு எடுக்கலையா" என்று கேட்டுவிட்டுத் தன்பாட்டில் பேச ஆரம்பித்துவிட்டார். கோர்வையில் உடல் நாடாவும் கரை நாடாவும் சந்திக்கும் இடத்தில் இரண்டு இழையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதை முதல் தடவையாகக் கவனித்தேன். இத்தனை வருஷம் அதே வீட்டில் வளர்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன். ஜன்னலைப் பக்கவாட்டில் வைத்தும் விளக்கை அணைத்தும் எடுத்ததில் முகம் அருமையாக வந்திருக்கிறது. கண்ணாடி ஓடு வெளிச்சம் காலை பத்தரை மணிக்கு மேல் தறிக்கு வருகிறது. அரிசிப் பை யோசனைக்குப் பாட்டி முதலில் முறைத்தார், பிறகு அவரே பை தைத்துக் கொடுத்துவிட்டார்.

மூன்று சந்தேகம். ஒன்று, பாவைக் கிட்டத்தில் எடுத்தால் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைகிறது. இரண்டு, அச்சை எடுக்கும்போது அதன் மேல் தண்ணீர் அலை மாதிரி வளைவு வளைவாக ஏதோ ஓடுகிறது, நேரில் பார்த்தால் இல்லை. மூன்று, நாடா ஓடுவதை ஸ்லோமோஷனில் எடுத்தேன், இருட்டாகவும் மினுக்கிக்கொண்டும் வந்தது.

முகூர்த்தக் கேமரா:

நல்லா வந்திருக்கும்மா, கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அவர் தன்பாட்டில் பேசினார் என்றீர்களே, அது போனைப் பைக்குள் வைத்ததால் கிடைத்தது. அடுத்த முறை மைக்கை முதலிலேயே குத்திவிட்டு, பதிவை ஓட விட்டுவிட்டு, வேறு பேச்சுப் பேசுங்கள். கொஞ்ச நேரத்தில் மைக்கை மறந்துவிடுவார்.

ஃபோகஸ் அலைவதற்குக் காரணம், போனுக்கு எந்த இழையைப் பிடிப்பது என்று தெரியாததுதான். முன்னால் ஒரு வரிசை, அதற்கடியில் ஒரு வரிசை, அதற்கும் அடியில் குழி. நெய்து முடித்த துணியின் ஓரத்தில், ஜரிகைக் கரை மேல் விரலை அழுத்திப் பூட்டிவிடுங்கள். நாடா ஓடும் இடமும் ஏறக்குறைய அதே தூரம்தான். பூட்டிய பிறகு போனையோ உங்களையோ நகர்த்தாதீர்கள். நகர்ந்தால் மறுபடி பூட்ட வேண்டும். அதோடு, ரொம்பக் கிட்டே போனால் சில போன்கள் தானாகவே வேறு லென்ஸுக்கு மாறிவிடும், படம் திடீரென்று குதிக்கும். மேக்ரோ என்று செட்டிங்ஸில் இருந்தால் அணைத்து வையுங்கள், இல்லையென்றால் கொஞ்சம் பின்னால் தள்ளி எடுங்கள்.

அச்சின் மேல் தெரியும் அலை, அச்சுப் பற்களின் நெருக்கமும் போன் சென்சாரில் உள்ள புள்ளிகளின் நெருக்கமும் மோதுவதால் வருவது. கட்டம் போட்ட சட்டை போட்ட மாப்பிள்ளை வந்தால் எங்களுக்கும் இதே தொல்லைதான். எடுத்த பிறகு இதை நீக்குவது கடினம், எடுக்கும்போதே தவிர்க்க வேண்டும். நேர் எதிரே நின்று எடுக்காமல் கொஞ்சம் சாய்வாக வாருங்கள். அப்படியும் வந்தால் ஒரு முழம் முன்னே போங்கள் அல்லது பின்னே வாருங்கள். ஏதோ ஒரு தூரத்தில் சட்டென்று மறைந்துவிடும். அந்த இடத்தில் போனை வையுங்கள்.

ஸ்லோமோஷன் என்றால் நொடிக்கு 120 அல்லது 240 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் துளி வெளிச்சம்தான் கிடைக்கும். அந்த வேகத்தில் வீட்டு விளக்குகள் பெரும்பாலும் மினுக்கும், 1/100 கதையெல்லாம் அங்கே செல்லாது. கண்ணாடி ஓட்டு வெயில் தறி மேல் நேராக விழும் நேரத்தில் மட்டும், வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, 120-இல் எடுங்கள். ஒன்றிரண்டு போதும். மற்றபடி நாடா சாதாரண வேகத்தில் ஒரு கோடாக இழுத்துக்கொண்டு போவதுதான் நேரில் நாம் பார்ப்பது. அது குறை இல்லை, அதை விட்டுவிடுங்கள்.

கண்ணாடி ஓட்டு வெயில் பருவத்துக்குப் பருவம் நகரும். இன்றைக்குப் பத்தரை என்றால் அடுத்த மாதம் அதே இடத்துக்கு அதே நேரத்தில் வராது. பிடித்த காட்சிகளைத் தள்ளிப் போடாதீர்கள்.

எடுத்ததை வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பிச் சேமிக்காதீர்கள், அது சுருக்கிவிடும். கேபிள் போட்டுக் கணினிக்கு மாற்றி, தேதி போட்ட ஃபோல்டரில் வைத்து, இன்னொரு நகலை ஹார்ட் டிஸ்கில் வேறு வீட்டில், மாமா வீட்டிலோ எங்கோ, வையுங்கள். இரண்டு இடத்தில் சேர்ந்ததைத் திறந்து பார்த்த பிறகுதான் போனில் அழிக்க வேண்டும். ஒட்டுவதற்கு டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறது, கணினி கொஞ்சம் பலமாக இருக்க வேண்டும். அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.

இன்னொன்று, இது முக்கியம். அந்தப் பாவின் கடைசிப் புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுப்பது ஒரே ஒரு தடவைதான் நடக்கும், தாலி கட்டுவது மாதிரிதான். அன்றைக்குப் போன் ஒன்று போதாது. ஒன்றை அரிசிப் பையில் ஊன்றி தறி முழுக்கத் தெரியும்படி முன்னாலேயே ஓட விட்டுவிடுங்கள், கடைசி வரை அதை யாரும் தொடக் கூடாது. இன்னொன்றை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு தாத்தாவின் கைக்கும் முகத்துக்கும் போங்கள். இரண்டையும் முந்தின இரவே முழுசாகச் சார்ஜ் ஏற்றி, இடம் காலி செய்து, ஏரோபிளேன் மோடில் போட்டு வையுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடக்கூடும். தேதி முடிவானதும் இங்கே எழுதுங்கள், அன்றைக்கு ஜன்னல் பக்கம் எப்படி வைக்கலாம் என்று உங்கள் பழைய படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

தறிவீட்டுப் பேத்தி:

சரிண்ணா. பாவு முடிய இன்னும் இரண்டு புடவை இருக்கிறது என்று தாத்தா சொல்கிறார். தெருவில் நாலு வீடு தள்ளி அடுத்த வாரம் பாவு பிணைக்கிறார்களாம். தாத்தாவும் கூட வருகிறேன் என்றார். அங்கே ஜன்னலே இல்லை, வாசல் வெளிச்சம் மட்டும்தான். வெள்ளிக்கிழமை இரவே போய் இடத்தைப் பார்த்துவிட்டு ஒரு படம் போடுகிறேன், எங்கே உட்காருவது என்று சொல்லுங்கள்.